ஆயிரம் கிரகங்களும் கண் தெரியாத ஒரு கடைக்காரரும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாயான் லெப்பாஸில் அக்கா வீட்டில் ஒரு சண்டை. தட்டு பறக்கிற சண்டை இல்லை. அக்கா மகன் இன்னும் வெளிவராத ஓர் ஆர்பிஜி விளையாட்டுக்கு முழுக் காசையும் முன்கூட்டியே கட்டிவிட்டான். வயது பத்தொன்பது. கல்லூரி விடுமுறையில் ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் நின்று சம்பாதித்த காசு. விளையாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. அடுத்த வருஷம் வேறொரு பெயர் வரும், கதை இதேதான்.

“எப்படா வருது?”

“அடுத்த வருஷம் மாமா.”

“நல்லா இருக்கும்னு எப்படித் தெரியும்?”

“டிரெய்லர் பாக்கலியா நீங்க? மேப்பு மட்டும் பழைய கேமை விட நாலு மடங்காம். என்ன வேணும்னாலும் செய்யலாமாம். யாரா வேணும்னாலும் இருக்கலாமாம்.”

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக இங்கே தொழிற்பேட்டையில் டெஸ்ட் பிரிவில் வேலை செய்கிறவர். “வராத சாமானுக்கு எவன்டா காசு கட்டுவான்? டெஸ்ட் முடிச்சிட்டாங்களா அதை?”

அவன் சிரித்தான். “அம்மா, கேம்ல அப்படி இல்ல லா. மொதல்ல விட்டுடுவாங்க. அப்புறம் பேட்ச் போட்டுச் சரி பண்ணுவாங்க.”

அக்காவுக்கு அது செரிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் எனக்கு உறுத்தியது பேட்ச் இல்லை. ‘என்ன வேணும்னாலும் செய்யலாமாம்’ என்று அவன் சொன்னபோது கண்ணில் தெரிந்த வெளிச்சம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இருபது வருஷமாக எல்லா ஆர்பிஜி நிறுவனங்களும் விற்கின்றன. அந்த வாக்கியம் ஒரு பொய். நிறைவேற்ற முடியவில்லை என்பதால் மட்டும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. அப்படியே நிறைவேற்றினாலும் அந்த விளையாட்டில் ஆழம் இருக்காது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அக்காவின் கேள்வி. அது இந்த ஊரின் கேள்வி.

பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் வயலும் மீன்பிடிக் கம்பங்களுமாக இருந்த இடம். 1972இல் இங்கே சுதந்திர வணிக வலயம் வந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே வருஷம் பினாங்கில்தான் திறந்தது. ஏஎம்டியும் அப்போதே வந்தது. பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புரோசசரின் உலோக மூடியில் சின்ன எழுத்தில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். மலேசியாவில் பொருத்தியது என்று பொருள். உலகத்தில் எங்கோ ஒருவன் விடிய விடிய டிராகன் வேட்டையாடிக்கொண்டிருக்கிறான் என்றால், அவன் பெட்டிக்குள் நம்மூர்ப் பெண்களின் கைபட்ட ஒரு சிப் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சூடேற்றி, மின்னழுத்தம் கொடுத்து, தாங்காததைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை அனுப்புவார்கள். சிப் டெஸ்ட் ஆகி வருகிறது. அதன் மேல் ஓடும் விளையாட்டு டெஸ்ட் ஆகாமல் வருகிறது. நாம் இரண்டாவதற்குத்தான் வரிசையில் நிற்கிறோம்.

ஆனால் அக்காவின் கேள்வி பாதிக் கேள்விதான். ஒரு விளையாட்டு ஒரு பிழையும் இல்லாமல் ஓடலாம், உள்ளே காலியாகவும் இருக்கலாம். இன்னொன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை முடங்கலாம், ஆனாலும் உங்களை வருஷக்கணக்கில் விடாது. முடித்து அனுப்பினார்களா என்பது ஒரு கேள்வி. முடிக்கத்தக்க ஏதாவது உள்ளே இருந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நிறுவனங்களுக்கு வசதி. பிழைகளைத் திருத்திய உடனே, ஆழத்தையும் கொடுத்துவிட்டது போல் பேசலாம்.

*

பில்டப்பு தமிழனுக்குப் புதிதில்லை. கட் அவுட்டுக்குப் பால் ஊற்றிய சமூகம் நாம். ஆனால் சினிமா பில்டப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு. இரண்டரை மணி நேரத்தில் சாயம் வெளுத்துவிடும். இடைவேளையிலேயே பக்கத்து சீட்காரர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆர்பிஜி பில்டப்பு அப்படியில்லை. நாற்பது மணி நேரம் கடந்த பிறகுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று புரியும். ஸ்டீம் கடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடிவிட்டால் பொதுவாகக் காசு திரும்பி வராது. ஏமாந்தது தெரியும்போது திருப்பிக் கேட்கும் காலம் எப்போதோ போயிருக்கும்.

பட்டியல் நீளமானது, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 2004இல் வந்த ஃபேபிளுக்காக பீட்டர் மாலினூ என்னென்னவோ பேசினார். மரத்திலிருந்து ஒரு விதையைத் தட்டிவிட்டால் அது காலப்போக்கில் வளர்ந்து மரமாகுமாம். எதுவும் முளைக்கவில்லை. வெளிவந்த கையோடு அவரே மன்னிப்புக் கேட்டார். 2012இல் மாஸ் எஃபெக்ட் 3. மூன்று பாகங்களிலும் நீங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து கடைசியைத் தீர்மானிக்கும், ஏ, பி, சி என்று பிரித்துவிடக்கூடிய முடிவாக இருக்காது என்றார்கள். கடைசியில் வந்தது சிவப்பு, நீலம், பச்சை. ரசிகர்கள் கொதித்த பிறகு, சில மாதங்களில் நீட்டித்த முடிவு ஒன்றை வெளியிட்டார்கள்.

அப்புறம் சைபர்பங்க் 2077. 2012இல் அறிவிப்பு. 2019இல் கீயானு ரீவ்ஸ் மேடையேறினார், அரங்கம் அதிர்ந்தது. 2020இல் மட்டும் மூன்று முறை தேதி தள்ளிப்போனது. டிசம்பர் 10 அன்று வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் காசு கட்டியிருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். பழைய பிளேஸ்டேஷனில் அது எப்படித் தள்ளாடுகிறது என்பது வாங்கியவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது.

இந்தக் கதையில் எல்லோரும் பிழைகளைத்தான் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த விளையாட்டின் விளம்பரத்தில் மூன்று ‘வாழ்க்கைப் பாதைகள்’ இருந்தன. நாடோடி, தெருப் பிள்ளை, கார்ப்பரேட் ஆள். எங்கிருந்து வருகிறாய் என்பது நீ யார் என்பதைத் தீர்மானிக்கும் என்ற தோரணை. நடந்தது என்ன? மூன்றுக்கும் தனித்தனியாக ஒரு சின்ன முன்கதை. அது முடிந்ததும் ஆறு மாதத்தைச் சில நொடிக் காட்சிகளில் ஓட்டிவிட்டு, மூன்று பேரையும் ஒரே இடத்தில், ஒரே நண்பனோடு, ஒரே வேலையில் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகு உங்கள் பிறப்பும் வளர்ப்பும் அங்கங்கே ஒரு கூடுதல் வசனமாக எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். பிறகு 2023 வரை உழைத்து விளையாட்டை மிக நன்றாகத் தேற்றினார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பேட்சும் அந்த மூன்று பாதைகளை மூன்று வாழ்க்கையாக மாற்றவில்லை. பிழையைத் திருத்தலாம். எழுதாமல் விட்டதை எப்படித் திருத்துவது?

2023 செப்டம்பரில் வந்த ஸ்டார்ஃபீல்ட் இதற்கு நேர் எதிர். அந்த நிறுவனத்தின் பழைய விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் பிழைகள் குறைவு என்றே பலரும் சொன்னார்கள். அக்காவின் டெஸ்டில் ஏறக்குறைய பாஸ். விளம்பரம் என்ன? 1000க்கும் மேற்பட்ட கிரகங்கள். அத்தனையையும் மனிதர்கள் கையால் எழுத முடியாது, நிரல்தான் உருவாக்கியாக வேண்டும். ஒரு கிரகத்தில் கைவிடப்பட்ட ஆய்வுக்கூடம் ஒன்றுக்குள் போகிறீர்கள். மேசைமேல் ஒரு குறிப்பு, மூலையில் ஒரு பிணம். பல ஒளியாண்டுகள் தாண்டி இன்னொரு கிரகத்தில் அதே ஆய்வுக்கூடம், அதே மேசை, அதே குறிப்பு, அதே மூலையில் அதே பிணம். முதல் பிணத்துக்கு வருந்தியவன் இரண்டாவதைப் பார்த்து என்ன செய்வான்? முதலில் வருந்தியதற்காக வெட்கப்படுவான். ஆயிரம் என்ற எண் செய்யும் உண்மையான கெடுதல் இதுதான். நல்லதோடு கூட நிறைய வெற்றிடத்தையும் சேர்ப்பதோடு அது நிற்பதில்லை. ஏற்கனவே இருந்த நல்லதையும் பின்னோக்கிச் சென்று அழித்துவிடுகிறது.

விளம்பரம் ஏன் எப்போதும் எண்ணிலேயே பேசுகிறது? வேறு எதையும் அதனால் காட்ட முடியாது. இரண்டு நிமிஷ டிரெய்லரில் பரப்பைக் காட்டலாம், வெளிச்சத்தைக் காட்டலாம், பிரபலமான ஒரு முகத்தைக் காட்டலாம். மூன்றாம் மணி நேரத்தில் நீங்கள் அலட்சியமாகச் செய்த ஒன்று முப்பதாம் மணி நேரத்தில் உங்கள் முகத்தில் அறைவதை எப்படிக் காட்டுவது? ஆழம் காலத்தில் நிகழ்வது. டிரெய்லருக்குக் காலம் இல்லை.

*

அப்படியானால் ஆழம் என்பது என்ன? தத்துவம் பேசாமல் ஒரு கடைக்குப் போவோம்.

1985இல் வந்த அல்டிமா 4. ரிச்சர்ட் கேரியட் உருவாக்கியது. இன்றைய அளவுகோலில் மிகச் சிறிய விளையாட்டு. இதில் கடைசியில் கொல்ல வேண்டிய அசுரன் கிடையாது. நேர்மை, கருணை, பணிவு என்று எட்டு அறங்களில் நீங்கள் தேற வேண்டும், அதுதான் குறிக்கோள். மந்திரத்துக்கு மூலிகை வேண்டும். மூலிகை விற்கும் கடைக்காரருக்குக் கண் தெரியாது. அவர் விலையைச் சொல்வார். எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று விளையாட்டு கேட்கும். நீங்கள் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். முப்பது காசு பொருளுக்கு ஒரு காசு என்று தட்டினாலும் அவர் வாங்கிக்கொள்வார். மணி அடிக்காது, காவலர் வரமாட்டார், திரையில் ஒரு சிவப்பு எழுத்துகூடத் தோன்றாது. மூலிகை உங்கள் பையில் விழும். விளையாட்டு மட்டும் சத்தமில்லாமல் ஒரு கணக்கில் எழுதிக்கொள்ளும்.

அந்தக் கடையில் ‘என்ன வேணும்னாலும்’ செய்யலாம்தான். ஆனால் செய்துவிட்டு எதுவும் நடக்காதது போல் போக முடியாது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நான் பேசும் ஆழம்.

2004இல் ட்ரோய்கா நிறுவனம் உருவாக்கிய வேம்பயர்: பிளட்லைன்ஸ் என்ற விளையாட்டைச் சைபர்பங்கின் மூன்று பாதைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாஃப் லைஃப் 2 வெளியான அதே நாளில் வந்தது, அதன் நிழலில் அமுங்கியது. அரைகுறையாக, பிழைகளோடு வந்தது. சில மாதங்களில் நிறுவனமே மூடப்பட்டது. அக்காவின் டெஸ்டில் படுதோல்வி. ஆனால் அதில் இரத்தக்காட்டேரிகளின் ஏழு குலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாஸ்ஃபெராட்டு குலத்தைத் தேர்ந்தால் உங்கள் முகம் கோரமானது. தெருவில் மனிதர்கள் கண்ணில் பட்டால் அது குற்றம். விளையாட்டு முழுக்கச் சாக்கடை வழியாகத்தான் நகரத்தைக் கடக்க வேண்டும். மல்கேவியன் குலத்தைத் தேர்ந்தால் நீங்கள் மனம் பிறழ்ந்தவர். நீங்கள் பேசும் வசனங்கள் எல்லாமே வேறாக எழுதப்பட்டிருக்கும். யார் நீ என்ற கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை அந்த விளையாட்டு கடைசிவரை மறக்காது. ரசிகர்கள் இத்தனை வருஷமாக அதற்குத் தாங்களே பேட்ச் எழுதுகிறார்கள் என்றால் சும்மாவா? உள்ளே காப்பாற்றத்தக்க ஒன்று இருக்கிறது.

1999இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் இன்னும் கொடூரமாக நினைவு வைத்திருக்கும். சாகவே முடியாத, நினைவிழந்த ஒருவன்தான் நாயகன். அவனோடு டாக்கோன் என்ற வாள்வீரன் ஒரு கடனுக்குக் கட்டுப்பட்டு அடிமைபோல் நடந்து வருகிறான். ஒரு காலத்தில் நாயகன் அவனைக் காப்பாற்றினானாம். நன்றிக்கடன். மெதுவாகத்தான் தெரியவருகிறது, முந்தைய பிறவி போன்ற ஒரு வாழ்வில் நாயகன் அவனைக் காப்பாற்றியதே இப்படிக் கட்டிப்போடுவதற்காகத்தான். அந்தக் குற்றத்தை நீங்கள் எந்தப் பொத்தானையும் அழுத்திச் செய்யவில்லை. ஆனாலும் உங்கள் பக்கத்தில் நடந்துவரும் அந்த மனிதனைப் பார்க்க முடியாமல் ஆகிறது. நல்ல நாவல் ஒன்று செய்யும் வேலை இது. கதையில் படித்திருந்தால் அவன் செய்தான் என்று இருந்திருக்கும். விளையாட்டில் நான் செய்தேன் என்று ஆகிவிடுகிறது.

இலக்கிய வாசகர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது டிஸ்கோ எலீசியம். எஸ்தோனியாவின் ராபர்ட் குர்விட்ஸ் 2013இல் ஒரு நாவல் எழுதினார். ஆயிரம் பிரதி அளவுக்குத்தான் விற்றது. நம்மவர்களுக்கு மிகவும் பழகிய எண். மனம் உடைந்துபோன அந்த நாவலாசிரியரும் நண்பர்களும் சேர்ந்து, அதே கற்பனை உலகத்தை வைத்து 2019இல் ஒரு ஆர்பிஜி செய்தார்கள். சண்டைக்கென்று தனி அமைப்பே கிடையாது. குடித்துக் குடித்துத் தன் பெயரையும் மறந்துபோன ஒரு போலீஸ்காரர், விடுதிக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் ஒரு பிணம், வேலைநிறுத்தத்தில் இருக்கும் துறைமுகம். அவருடைய 24 திறன்களும் அவர் தலைக்குள் குரல்களாகப் பேசும், ஒன்றை ஒன்று மறுக்கும், சில நேரம் தவறாக வழிநடத்தும். சில முயற்சிகளை ஒரே ஒரு முறைதான் செய்யலாம். தோற்றால் தோற்றதுதான். கதை அந்தத் தோல்வியையும் தூக்கிக்கொண்டு நடக்கும்.

அந்தத் துறைமுகத் தொழிற்சங்கத் தலைவரின் அறையில் உட்காரச் சொல்லும் நாற்காலி உடம்பைக் கொல்லும் அளவுக்கு அசௌகரியமானது. சிரிப்பு வரும். ஆனால் பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து விளையாடும்போது எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. இந்த நாட்டின் மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய ஒரு சங்கம் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. 1988இல் அரசு கொஞ்சம் இறங்கி வந்தபோதும், நிறுவனத்துக்குள்ளே இயங்கும் சங்கம் என்ற அளவோடு நின்றது. வேலைநிறுத்தத்தைப் பற்றிய உலகத்தின் மிகச் சிறந்த விளையாட்டு, வேலைநிறுத்தம் என்ற சொல்லையே வாய்க்குள் வைத்துக்கொண்டவர்கள் பொருத்திய சிப்பில் ஓடுகிறது. இதை எந்த டிரெய்லரும் எனக்குச் சொல்லவில்லை. ஆழமான ஒன்று நம் கையில் கிடைத்தால் அது நம்மூர்த் தெருவரை வந்துவிடும்.

*

மறுப்புகள் வரும். இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று: ‘பெரிய விளையாட்டு, பெரிய விளம்பரம் என்றாலே ஆழமில்லை என்கிறீர்களா? பால்டர்ஸ் கேட் 3 என்ன ஆச்சு?’ நல்ல கேள்வி. 2023இன் எல்லாப் பெரிய விருதுகளையும் அள்ளிய விளையாட்டு. அதைச் செய்த லேரியனுக்குக் கோலாலம்பூரிலும் ஒரு ஸ்டூடியோ உண்டு, நமக்கும் கொஞ்சம் பெருமை. அவர்களும் பில்டப்பு விட்டார்கள்தான். முடிவில் 17,000 வேறுபாடுகள் இருக்கின்றன என்றார்கள். அந்த எண்ணுக்காக யாராவது அதைக் காதலித்தார்களா? முதல் பாகத்தில் அகதிகள் ஒளிந்திருக்கும் தோப்பை அழிக்கும் கூட்டத்தோடு நீங்கள் சேர்ந்தால், விலும் கார்லாக்கும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்காக எழுதி, குரல் கொடுத்து, நடித்துப் பதிவுசெய்த அத்தனை காட்சிகளையும் இழக்கிறீர்கள். நிறுவனம் கோடி கொட்டிச் செய்ததை நீங்கள் பார்க்காமலே போகலாம், போங்கள் என்கிறது விளையாட்டு. அந்தத் துணிவில்தான் ஆழம் இருந்தது. 17,000 என்பது சுவரொட்டி. கார்லாக் எழுந்து போவதுதான் விளையாட்டு.

இரண்டு: ‘பழசெல்லாம் பொன் என்கிற கிழட்டுப் புலம்பல் இது.’ இல்லவே இல்லை. பழைய காலத்திலும் பில்டப்பு இருந்தது. அல்டிமா பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட வரைபடம் வைத்து விற்றார்கள். கொம்தாரிலும் பசார் மாலாமிலும் ஐந்து ரிங்கிட் திருட்டு சிடி வாங்கி வளர்ந்த தலைமுறை என்னுடையது. அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்து நொந்துபோன சிடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பெரும்பாலானவை குப்பை. வித்தியாசம் ஒன்றுதான். அன்றைக்கு ஐந்து ரிங்கிட்டோடு ஏமாந்தோம். இன்றைக்கு வராத ஒன்றுக்கு வாரச் சம்பளத்தைக் கட்டி, வரும்வரை ஒரு வருஷம் அதைப் பற்றியே பேசி, அந்த நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத விளம்பர வேலையும் பார்க்கிறோம். நானும் பார்த்திருக்கிறேன். ஒரு விளையாட்டுக்காக நண்பர்களிடம் எட்டு மாதம் வாய் ஓயாமல் பேசினேன். வந்த பிறகு, நன்றாக இல்லை என்று ஒப்புக்கொள்ள இன்னொரு மூன்று மாதம் ஆனது. ஏமாற்றியவனைவிட, ஏமாறவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான் நான் அதிகம் உழைத்தேன்.

*

இந்த இடத்தில், ‘நல்லவேளை நாம் புத்தகம் படிக்கிறவர்கள்’ என்று சில நண்பர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரக்கூடும். கொஞ்சம் பொறுங்கள்.

ஆயிரத்து இருநூறு பக்க நாவல் என்று பக்க எண்ணிக்கையைப் போட்டு விளம்பரம் செய்வது யார்? அச்சகத்திலிருந்து வருவதற்கு முன்பே ‘தமிழின் முதல்’, ‘தமிழின் மாபெரும்’ என்று முன்பதிவு கேட்பது யார்? வாசிக்காமலே அட்டையோடு செல்ஃபி போட்டு வாழ்த்துச் சொல்வது யார்? ஸ்டார்ஃபீல்டின் ஆயிரம் கிரகங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் நம் நாவல்களில் வரும் நூற்று ஐம்பது பாத்திரங்களையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். அதே மேசை, அதே குறிப்பு, அதே மூலையில் அதே பிணம் எத்தனை அத்தியாயங்களில் கிடக்கிறது?

விளையாட்டு இலக்கியமாகுமா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. இலக்கியத்தைப் படிக்கும்போது நாம் கேட்கிற கேள்வியை விளையாட்டிடமும் கேட்கலாம் என்பதுதான் என் கட்சி. அளவுக்கும் ஆழத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நம் கையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2023 ஜூலையில், டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், ஒரு அம்மா, ஒரு சமையல் குறிப்பேடு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ‘இவ்வளவுதானா?’ என்று நீளத்தைக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது.

அது ஆர்பிஜி இல்லை. கதையைத் திருப்பிப்போடும் பெரிய தேர்வுகள் கிடையாது. ஆனால் அம்மா எழுதிய குறிப்பேட்டில் எழுத்து அழிந்திருக்கிறது, தாள் கிழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதை விளையாடுகிறவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த யோசனைதான் கதை. மறந்துபோன ஒன்றைக் கையால் மீட்பது எப்படி இருக்கும் என்று அது சொல்லவில்லை, நம் கையில் கொடுத்துச் செய்ய வைத்தது. ஆயிரம் கிரகம் செய்ய முடியாததை ஒரு இட்லிச் சட்டி செய்தது. தமிழில் ஒரு நல்ல ஆர்பிஜி வந்தால் அது இங்கிருந்துதான் கிளம்பும் என்று நினைக்கிறேன். சோழர் கப்பற்படையின் மாபெரும் திறந்த உலகம் என்று யாராவது டிரெய்லர் விட்டால், முதல் ஆளாகச் சந்தேகப்படப் போகிறவன் நான்.

ஆகவே அடுத்த டிரெய்லர் வரும்போது நண்பர்கள் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த விளையாட்டில் நான் ஒன்றைத் தேர்ந்தால் எதை இழப்பேன்? நான் செய்ததை அது எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கும்? தோற்றால் கதை தொடருமா, இல்லை பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பச் சொல்லுமா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் கிரகம், மணி நேரம், சதுர கிலோமீட்டர் என்று பேசினால் காசைப் பைக்குள்ளேயே வையுங்கள். வெளிவந்து மூன்று மாதம் கழித்து வாங்குவதால் யாரும் செத்துப்போவதில்லை. விலையும் இறங்கியிருக்கும். யூடியூபில் உட்கார்ந்து நிறுவனம் அனுப்பிய குறிப்பைத் தமிழில் வாசிக்கும் தம்பிகளிடமும் இதையே கேளுங்கள். அவர்களுக்கும் கூச்சம் வரட்டும்.

*

சண்டை நடந்த அன்றைக்கு மருமகனிடம் ஒரு பந்தயம் கட்டினேன். அல்டிமா 4 இப்போது இணையத்தில் சட்டப்படியே இலவசம். ஒரு வாரம் விளையாடு, பிடிக்கவில்லை என்றால் உன் முன்பணத்தைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். படங்களைப் பார்த்து முகம் சுளித்தான். “இது என்னா மாமா, கட்டம் கட்டமா இருக்கு?” இருந்தாலும் ஒத்துக்கொண்டான்.

நாலாவது நாள் பெருமையாக மெசேஜ் வந்தது. மூலிகைக் கடையில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துவிட்டானாம். ஒரு காசு போட்டாலே சாமான் கிடைக்கிறதாம். பை நிறைய வாங்கிவிட்டானாம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது நாள் இரவு பதினொன்றரைக்குப் போன். “மாமா, கோட்டையில ஒரு ஞானி இருக்காரு. நேர்மையப் பத்திக் கேட்டா என்னைத் திருடன்கிறாரு. ஏன் நீங்க மொதல்லயே சொல்லல?”

“நீ ஏன் ஒரு காசு போட்ட?”

கொஞ்ச நேரம் பதிலில்லை. “போட முடிஞ்சிச்சு, போட்டேன்.”

‘என்ன வேணும்னாலும் செய்யலாமாம்’ என்று ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே குரல்தான். ஆனால் இப்போது அதில் அந்த வெளிச்சம் இல்லை. முன்பணத்தை அவன் இன்னும் ரத்து செய்யவில்லை. செய்வான் என்றும் நான் சொல்ல மாட்டேன். பின்னால் அக்காவின் குரல் கேட்டது, இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. என்னடா விஷயம் என்று விசாரித்தார். அவன் முழுக் கதையையும் சொன்னான். அவருக்குக் கிராஃபிக்ஸ், மேப்பு, மந்திரம் எதுவும் புரிந்திருக்காது. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்தக் கண்ணு தெரியாத அம்மாவுக்கு மிச்சக் காசைக் கொடுத்துட்டியாடா?”